மல்லனுக்கு ஒரு மனை
(பத்தாம் ஆண்டு விழா அவையில் ஆற்றப்பெற்ற உரை)



புறநானூற்றில் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாட்டுகளும் ஒருவனையே சுற்றி வருவன. அவன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. அரச குடியிற் பிறந்தும் நாடிழந்து அயலூரில் தங்கியிருந்தவன். முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனோடு மற்போர் புரிந்து அவனை வீழ்த்தியவன். முதல் மூன்று பாட்டுகளைச் சாத்தந்தையார் பாடினார். பின் மூன்றைப் பாடியவர் அவன்மீது காதல் கொண்ட நக்கண்ணையார். சாத்தந்தையார் போரைப் பாடினார்; அவன் காலையும் கையையும் பிடியையும் பாடினார். நக்கண்ணையாரோ போருக்குப் புறத்தே இருந்த இரண்டு செய்திகளைக் கண்டு சொன்னார். அவன் உண்பது வெறும் கூழ் என்பது ஒன்று. அவன் நிற்கும் ஊர் அவனுடைய ஊரும் அன்று, நாடும் அவனுடையது அன்று என்பது மற்றொன்று. அதனாலேயே, களத்தைச் சூழ நின்றவர்கள் அவனுடைய வெற்றியைக்கூட ஒருமுகமாக ஒப்பவில்லை என்றும் அந்த அம்மையார் குறிப்பால் உணர்த்துகிறார்.

ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட இப்பாட்டுகளை உரையாசிரியர்கள் கைக்கிளை என்றும் பழிச்சுதல் என்றும் துறை வகுத்து அடக்கிவிட்டனர். துறை சரிதான். ஆயினும் கூழுண்ட தோளும் சொந்த ஊரில்லாத வெற்றியும் துறைக்குள் அடங்கிவிடும் செய்திகள் அல்ல. விளையாட்டு வீரனுக்கு மாலை சூட்டும் ஊர், அவன் இரவில் எங்கே சென்று படுக்கிறான் என்று கேட்பதில்லை. இன்றைய உரையின் பொருள் அந்தக் கேள்வியே. வறுமையுற்ற வீரர் ஒருவருக்கு ஊர் கூடி ஒரு வீட்டை வாங்கித் தருவது இயலுமா, இயலுமாயின் அதை எப்படிச் செய்தால் அவருடைய தலை தாழாதிருக்கும் என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கு முதற் சான்றாக ஒரு மல்லரையே எடுத்துக்கொள்வது பொருந்தும். அவர் கசாபா தாதாசாகேப் ஜாதவ். மராட்டிய நாட்டில் சதாரா மாவட்டத்துக் கராட் வட்டத்தைச் சேர்ந்த கோலேசுவர் என்னும் சிற்றூரில் 1926ஆம் ஆண்டு பிறந்தவர். ஐந்தரை அடி உயரங்கூட இல்லாத சிறிய உடல். தந்தையாரும் மல்லர். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கிற்குக் கோலாப்பூர் மன்னரின் பொருளுதவியால் சென்று, அதுவரை மண்களத்தில் மட்டுமே பொருதவர் முதன்முறையாக விரிப்பின்மேல் நின்று, ஆறாம் இடம் பெற்றுத் திரும்பினார். அடுத்த ஒலிம்பிக் 1952இல் ஹெல்சிங்கியில் நடைபெற இருந்தது. அதற்கான தேர்வில் ஒரு தடை. சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் வேண்டுமென்றே ஒரு புள்ளி குறைத்துத் தம்மை ஒதுக்கினர் என்று ஜாதவ் கருதினார். பாட்டியாலா மன்னரிடம் முறையிட்டார். மீண்டும் ஒரு வாய்ப்புக் கிட்டியது. எதிராளியை வீழ்த்தி இடம் பெற்றார். இடம் கிடைத்தது, செல்வதற்குப் பணம் இல்லை.

இனி நிகழ்ந்ததுதான் இந்த அவை கேட்க வேண்டியது. ஜாதவும் அவர் குடும்பத்தாரும் வீடு வீடாகச் சென்று கையேந்தினர். ஊரார் இயன்றதைக் கொடுத்தனர். பம்பாய் மாநில முதலமைச்சராக இருந்த மொரார்ஜி தேசாயிடம் உதவி கேட்டபோது, விளையாட்டு முடிந்தபின் வந்து பார்க்குமாறு விடை கிடைத்தது என்பர். கோலாப்பூர் இராஜாராம் கல்லூரியின் முதல்வராயிருந்த கர்தேக்கர், தம் வீட்டை 7,000 ரூபாய்க்கு அடகு வைத்து அப்பணத்தை மாணவரிடம் கொடுத்தார்.

ஓர் ஆசிரியர் தம் வீட்டை அடகு வைத்தார் என்பதைச் செய்தியாகப் படித்துக் கடந்துவிடுதல் எளிது. வீட்டை அடகு வைத்த குடும்பத்தில் அன்றிரவு என்ன பேச்சு நடந்திருக்கும் என்று எண்ணினால்தான் அதன் கனம் தெரியும். மாணவன் தோற்றுவிட்டால் என்ன ஆகும் என்று ஒருவரேனும் கேட்டிருப்பர். வென்றாலுங்கூடப் பணம் திரும்பி வரும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. பதக்கத்தோடு பணமுடிப்பு வரும் காலம் அன்று இல்லை.

ஹெல்சிங்கியில் 57 கிலோ எடைப் பிரிவில் கனடா, மெக்சிகோ, செருமனி நாட்டு மல்லர்களை ஜாதவ் அடுத்தடுத்து வென்றார். பின் சப்பானியரான சோஹாச்சி இசியியோடு நெடுநேரம் பொருது தோற்றார். அந்தப் பிரிவில் தங்கம் பெற்றவர் இசியிதான். அப்போர் முடிந்த களைப்பு ஆறுமுன்னரே சோவியத் நாட்டு மம்மத்பேயோவோடு பொருத வருமாறு அழைப்பு வந்தது. இரு போர்களுக்கிடையே அரைமணி நேர ஓய்வு விதிப்படி உரியது. அதை எடுத்துச் சொல்லிக் கேட்பதற்கு இந்திய அதிகாரி ஒருவரும் அருகில் இல்லை. களைத்த உடலோடு களத்தில் இறங்கித் தோற்றார். வெண்கலம் கிடைத்தது. விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனிவீரர் ஒருவர் கொணர்ந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்த தனிப் பதக்கத்திற்கு நாடு 1996இல் அட்லாண்டாவில் லியாண்டர் பயஸ் வெல்லும்வரை நாற்பத்து நான்கு ஆண்டு காத்திருந்தது. ஊர் கூடிப் பணம் சேர்த்து அவரைக் கப்பலும் வானூர்தியும் ஏற்றும். களத்தோரம் நின்று அரைமணி ஓய்வு கேட்க ஊரால் ஆகாது. அதற்கென அமைந்தவர்கள் அங்கே இல்லை. அக்குறையை எந்த நன்கொடையும் ஈடுசெய்யாது.

திரும்பி வந்தபோது வரவேற்பு பெரிது. கராட் நிலையத்திலிருந்து ஊருக்குக் கால்மணி நேர வழி; அன்று ஏழு மணி நேரம் ஆயிற்று என்பர். 151 மாட்டுவண்டிகள் அணிவகுத்தன என்றும் கணக்குச் சொல்வர். அவ்வூர் மக்கள் தாம் கொடுத்த காசு வீண்போகவில்லை என்று மகிழ்ந்ததில் வியப்பில்லை. ஆனால் ஜாதவின் மனத்தில் ஊர்வலத்தைவிட வேறொன்று இருந்தது. அவர் ஊர்திரும்பிய பின் செய்த முதற்காரியம் மற்போர்ப் பந்தயங்களுக்கு ஏற்பாடு செய்தது. தாமே களத்தில் இறங்கினார், பல போர்களில் வென்றார், கிடைத்த பணத்தைக் கொண்டுபோய்க் கர்தேக்கரிடம் கொடுத்தார். அடகிலிருந்த வீடு மீண்டது.

பாவலர்கள் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்கவேண்டும். கொடுத்தவர் திரும்பக் கேட்டதாக யாண்டும் செய்தியில்லை. பெற்றவர்தாம் அதைக் கடனாகக் கொண்டார். கொடுத்தவர் உள்ளத்தில் அது கொடை. பெற்றவர் உள்ளத்தில் அது கடன். ஒரே பணத்திற்கு இருவர் இரு பெயரிட்டனர். இருவர் இட்டதும் சரியான பெயரே. இதை மாற்றி, கொடுத்தவர் கடன் என்றும் பெற்றவர் கொடை என்றும் கொண்டால் பகை மூளும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பிறர் வீட்டை மீட்ட மல்லரின் சொந்த வீட்டுச் செய்தி அத்துணை இனிதன்று. 1955இல் காவல்துறையில் துணை ஆய்வாளராகச் சேர்ந்தார். உதவி ஆணையர் நிலைவரை உயர்ந்து 1983இல் ஓய்வு பெற்றார். ஓய்வூதியம் உரிய காலத்தில் கைக்கு வரவில்லை. தலைக்கு மேல் ஒரு கூரை அமைக்க மனைவியின் நகைகளை அடகு வைக்க நேர்ந்தது என்று எழுதியுள்ளனர். அடுத்த ஆண்டே, 1984 ஆகஸ்டில், சாலை நேர்ச்சியில் உயிர் நீத்தார். அர்ச்சுனா விருது அவர் மறைவுக்குப் பின்னரே வந்தது. 2010இல் தில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் மற்போர் அரங்கிற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் பெயரால் சொந்த ஊரில் அமைவதாக இருந்த மற்போர்ப் பயிற்சிக்கூடம் எழாமையால், பதக்கத்தையே ஏலம் விட்டு அதைக் கட்டப்போவதாக 2017இல் அவர் குடும்பத்தார் அறிவித்தனர். கோலேசுவரில் அவர் வீட்டின் பெயர் ஒலிம்பிக் நிவாஸ். பெயர் பெரிது, அதன் அடியில் ஒரு பெண்ணின் நகை அடகில் கிடந்தது.

ஊரார் 1952இல் வண்டி பூட்டியது தவறன்று. 1983இல் வண்டி பூட்ட ஒருவரும் இல்லை என்பதே குறை. வெற்றி நாளில் கூடுகிற கூட்டத்திற்கு நினைவு குறைவு. நினைவைக் காக்கும் தொழில் புலவர்க்கு உரியது; அதனால்தான் இப்பொருள் விளையாட்டு மன்றத்தைவிட இலக்கிய வட்டத்திற்கு நெருங்கியது என்று துணிந்து கூறலாம்.

எழுத்தாளர் ஒருவர் முன்னின்று வீரர் ஒருவருக்குப் பொருள் திரட்டிய நிகழ்ச்சியும் வரலாற்றில் உண்டு. 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டம். இத்தாலி நாட்டு இனிப்புக் கடைத் தொழிலாளியான தொராந்தோ பியேத்ரி என்பவர் முதலாவதாக அரங்கினுள் நுழைந்தார். நுழைந்தவர் திசை தப்பினார், விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். காணப் பொறாத அலுவலர்கள் கைதாங்கி எல்லைக்கோட்டைக் கடப்பித்தனர். பிறர் உதவி பெற்றமையால் அவர் ஓட்டம் செல்லாதென்று அறிவிக்கப்பட்டு, அமெரிக்கரான ஜானி ஹேஸ் முதல்வரானார். மறுநாள் அரசியார் அலெக்சாந்திரா பியேத்ரிக்கு ஒரு பொற்பூச்சுக் கிண்ணம் வழங்கினார். செர்லாக் ஹோம்சு கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் அன்று அரங்கில் இருந்தார். வெறுங் கிண்ணத்தோடு அவரை அனுப்புவதா என்று எண்ணி, தம் ஊரில் ஒரு ரொட்டிக் கடை வைக்க அவருக்கு உதவுவோம் என்று டெய்லி மெயில் நாளிதழுக்கு எழுதித் தாமே ஐந்து பவுன் கொடுத்துத் தொடங்கினார். 300 பவுனுக்கு மேல் சேர்ந்தது.

இதன் பிற்பகுதியை எழுத்தாளர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. பியேத்ரி பின்னர்த் தொழில்முறை ஓட்டக்காரராகப் பொருள் ஈட்டினார், தமையனோடு சேர்ந்து ஓர் உணவு விடுதி தொடங்கினார், அது நலிந்தது, சான்ரெமோ என்னும் கடற்கரை ஊருக்குப் போய் ஊர்தி பழுதுபார்க்கும் கடை நடத்தி 1942இல் காலமானார். ரொட்டிக் கடைக்கென்று கொடுத்தவர்கள் இதைக் கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பரோ, என்னவோ. அவ்வாறு சுளிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. கொடுத்தபின் அப்பணம் ஓடி விழுந்தவருடையது. விடுதியில் இழக்கும் உரிமையும் அவருடையதே.

தமிழகத்திற்கு வருவோம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்த சாந்தி சௌந்தரராஜனை அறியாதார் இலர். 2006 திசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை ஒன்றைக் காட்டி அப்பதக்கத்தைப் பறித்தனர். அச்சோதனை நடத்தப்பட்ட முறையும், அதன் முடிவு உலகெங்கும் செய்தியாகப் பரப்பப்பட்ட முறையும் மனித நேயம் உடையார் எவரும் ஏற்கத்தக்கன அல்ல. அவ்வேளையில் தமிழக அரசின் சார்பில் முதலமைச்சர் கலைஞர் 15 இலட்சம் ரூபாய் வழங்கியது போற்றத்தக்கது. பதக்கம் போனபின்னும் பரிசு போகவில்லை. சாந்தி அப்பணத்தைக் கொண்டு என்ன செய்தார்? புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தொடங்கினார். தமக்கென மாடி வீடு எழுப்பியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் செய்ததோ இது. 2012இல் அதே சாந்தி நாட்கூலிக்குச் செங்கற்சூளையில் வேலை செய்வதாகச் செய்தி வெளியானது. பின்னர்ப் பயிற்றுநர் படிப்பு முடித்து, 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிலையான பயிற்றுநர் பணி பெற்றார்.

பிறர் வீட்டுக்குச் செங்கல் அறுத்த குடும்பம் என்பதை நினைக்குந்தோறும் ஒரு கவிதை வரி பிறக்கத்தான் செய்யும். பாவலர்கள் அதை எழுதாமல் விட்டாலும் நன்றே. சூளையில் நின்றவருக்கு அன்று தேவைப்பட்டது உவமை அன்று.

அண்டை மாவட்டமான சேலத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவின் வரலாறு வேறு திசையிற் செல்வது. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் முழங்காலுக்குக் கீழ் நசுங்கியது. மருத்துவத்திற்காக வாங்கிய மூன்று இலட்சம் ரூபாய்க் கடனைக் காய்கறி விற்ற தாயார் பல ஆண்டுகளாக அடைத்து வந்தார். குடும்பம் வாடகை வீட்டில் இருந்தது. 2016 செப்டம்பரில் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் பெற்றார். தமிழக அரசு இரண்டு கோடி ரூபாய் அறிவித்தது. அவரோ பரிசுத் தொகையிலிருந்து 30 இலட்சம் ரூபாயைத் தாம் படித்த அரசுப் பள்ளிக்குத் தருவதாகச் சொன்னார். தோக்கியோவில் வெள்ளியும் 2024இல் பாரீசில் வெண்கலமும் வென்றார். மூன்று பாராலிம்பிக்கிலும் மூன்று பதக்கம்.

இது மகிழ்ச்சிக்குரிய முடிவு. எனினும் ஒரு கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 1.89 மீட்டருக்குப் பதிலாகச் சில செண்டிமீட்டர் குறைந்திருந்தால்? 1984இல் லாஸ் ஏஞ்சல்சில் பி. டி. உஷா நொடியின் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலம் இழந்தாரே, அதுபோல ஆகியிருந்தால்? காலும் அதே கால். தாயின் உழைப்பும் அதே உழைப்பு. கடனும் அதே மூன்று இலட்சம். இரண்டு கோடி மட்டும் வந்திருக்காது. அரசு வெற்றிக்குப் பரிசளிக்கிறது, அளிக்கட்டும். நான்காமவர்க்கும், மாவட்ட அளவோடு நின்றவர்க்கும், முழங்கால் முறிந்து இருபத்தாறு வயதில் களம் நீங்கியவர்க்கும் வீடு வேண்டுமே. அவர்களை அறிந்திருப்பது ஊர் ஒன்றுதான். ஊர் கூடிச் செய்யும் உதவிக்கு உரிய இடம் அரசின் கண் எட்டாத இவ்விடம்.

அரசும் சில வழிகள் வைத்திருக்கிறது. 2023இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை பொதுமக்கள் நன்கொடையையும் பெற்று வீரர்களுக்கு உதவுகிறது. முன்னாள் வீரர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியத் திட்டமும் உண்டு. அத்திட்டத்தின் பெயரில் ஒரு சொல் உறுத்துகிறது: ‘நலிந்த நிலையிலுள்ள’ வீரர்கள். நலிந்த கலைஞர், நலிந்த புலவர் என்று அடைமொழி தந்து பழகிவிட்டோம். ஒரு காலத்தில் மாநிலத்திற்காக ஓடியவர், தாம் நலிந்தவர் என்று தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்டால்தான் விண்ணப்பம் நகரும். சொல்லாய்வு செய்வோர் நிறைந்த இவ்வவையில் வேறு நல்ல சொல் ஒன்று பிறவாதா என்ன!

கேட்பதன் துன்பம் இவ்வாற்றங்கரைக்குப் புதிதன்று. பாரி மறைந்தபின் கபிலர் அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு வாயில் வாயிலாகச் சென்றார். விச்சிக்கோன் மறுத்தான், இருங்கோவேள் மறுத்தான். அன்று தமிழுலகில் கபிலரினும் பெரிய நா ஒன்று இல்லை. அந்நாவுக்கே இல்லையென்ற விடை இருமுறை வந்தது. அப்பெண்களுள் ஒருத்தியை மலையமானுக்கு அளித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர் வீரட்டானத்து இராசராசன் காலக் கல்வெட்டுக் கூறும். பெண்ணையாற்றில் கபிலர்குன்று இன்றும் நிற்கிறது. மூங்கில்துறைப்பட்டைத் தழுவிச் செல்லும் நீர்தான் அதன் அடியையும் நனைக்கிறது. பொருள் திரட்டப் போகிறவர்கள் மறுப்பைக் கேட்டு மனம் சோரும் வேளையில் அப்பாறையை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். வடக்கே செங்கம் நன்னனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளில் செய்வதும் இன்னொரு வகைத் தொண்டே: கொடை பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிர்ப்படும் வறிய கூத்தனுக்கு வழியும், வழியிலுள்ள இடரும், தங்குமிடமும் எடுத்துச் சொல்கிறான். எந்த அலுவலகம், எந்தப் படிவம், எந்த நாள் என்று ஒரு வீரருக்கு வழி சொல்லும் ஆற்றுப்படை இன்றும் எழுதத் தக்கதே. அது செய்யுளாக இருக்க வேண்டுமென்பதில்லை.

கை தாழாமல் பெறுவதற்குத் தமிழ் மக்கள் கண்ட வழி ஒன்று உண்டு. அது மொய். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில், கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பகுதிகளில் ஆடி ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடைபெறும். விருந்து வைப்பவர் பந்தலிட்டு ஆட்டுக்கறிச் சோறு படைப்பார். வருவோர் உண்டு, மொய் எழுதுமிடத்தில் பணம் கொடுப்பார்கள். ஊர், பெயர், தொகை மூன்றும் நோட்டில் ஏறும். பெற்றவர் அவரவர் விருந்தின்போது அத்தொகையோடு சற்றுக் கூட்டித் திருப்பிச் செய்வார். கிணறு வெட்டியதும், கடை வைத்ததும், வீடு கட்டியதும் இப்பணத்தால் நிகழ்ந்தவை பல. வங்கியின் ஈடு இல்லை, வட்டி இல்லை. நோட்டும் நாணமுமே பிணை. இதிலும் மிகை உண்டு. சில குடும்பங்கள் திருப்பிச் செய்ய மாட்டாமல் கடன்பட்டு இடர்ப்பட்டதும் உண்டு. ஆயினும் மொய் பெறுகிறவர் எவரையும் இரவலர் என்று யாரும் சொல்வதில்லை. பந்தியில் அவரே விருந்தோம்புபவர், சோறு அவருடையது.

ஜாதவ் கர்தேக்கருக்குச் செய்தது இதுவே. அவர் மொய் நோட்டைத் தம் மனத்தில் வைத்திருந்தார்.

ஆகவே வீரர் ஒருவரின் வீட்டுக்கு ஊர் பொருள் சேர்க்க முற்பட்டால், மேடையும் பொன்னாடையும் பெரிய காசோலைப் பலகையும் வேண்டா; மொய் நோட்டு ஒன்று போதும். ஆலைக்குக் கரும்பு வெட்டும் தொழிலாளி ஐம்பது ரூபாய் எழுதலாம், வணிகர் ஐயாயிரம் எழுதலாம். நோட்டில் இரண்டும் ஒரே அளவு எழுத்தில் இருக்கும். வீரர் திருப்பிச் செய்ய விரும்பினால், பள்ளிப் பிள்ளைகளுக்கு வைகறையில் ஓடக் கற்றுத் தருவதே மொய்யாகும். அதையும் நிபந்தனையாக்கல் ஆகாது. நிபந்தனையிட்டால் அது கூலி. வீட்டு முகப்பில் உபயதாரர் பலகை எழவே கூடாது. குழல்விளக்கின்மேல் உபயம் எழுதி எழுதி வெளிச்சமே மறைந்துபோன கோயில் மண்டபங்களை அறியாதவர் இங்கு யார்? ஒரு பெண்பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும்போதெல்லாம் தன் வீட்டு வாயிலில் பிறர் பெயரைப் படித்துவிட்டு உள்ளே நுழைய வேண்டுமா?

பத்திரம் யார் பெயரில் என்பது இவை எல்லாவற்றினும் பெரிது. சங்கத்தின் பெயரில் வாங்கி வீரரைக் குடிவைத்தால் அவர் என்றும் குடியிருப்பவரே. சங்கத்தில் சண்டை மூளும் நாளில் அவர் சாமான் தெருவுக்கு வரும். அவர் பெயரிலோ, அவருடைய தாய் அல்லது மனைவி பெயரிலோ கிரயப் பத்திரம் பதிவாதல் வேண்டும். பணம் அவர் கைக்கும் வேண்டா, திரட்டியவர் கைக்கும் வேண்டா. விற்பவர் கணக்கிற்கே சென்றுவிட்டால் ஐயத்திற்கு இடமில்லை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் தனியே நிற்கும் செலவு. மனை விலையை மட்டும் கணக்கிட்டுத் திரட்டியவர்கள் பதிவு நாளில் விழிப்பதுண்டு. பத்து இலட்சம் ரூபாய்வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் நூற்றுக்கு ஒன்று குறையும் என 2025 ஏப்ரல் முதல் நடைமுறை வந்துள்ளது. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று பார்த்தாக வேண்டும். மனை நத்தமா, புறம்போக்கா, நீர்வழியா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெளிய வேண்டும். ஆற்றங்கரை மனை மலிவாகக் கிடைக்கும். 2024 திசம்பர்த் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.6 இலட்சம் கன அடிக்கு மேல் நீர் திறந்த இரவைக் கண்டவர்களுக்கு அந்த மலிவின் காரணம் தெரியும்.

மலைமேல் வேறு இடர். கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆட்சி நிலவியது. அதற்குப் பின்னும் தலைமுறையாக உழுத நிலத்திற்குப் பட்டா இல்லாத மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் பல. அங்கிருந்து இறங்கிவந்து மாவட்ட ஓட்டத்தில் முதலிடம் பெறும் ஒரு பிள்ளைக்கு வீடு இருக்கும். அது தன் வீடு என்று காட்டத் தாள் இருக்காது. பணத்தால் தீராத இச்சிக்கலுக்கு எழுத்தறிந்தவர் நால்வர் வட்டாட்சியர் அலுவலகத்திற்கு ஓராண்டுக் காலம் நடந்தால் வழி பிறக்கக்கூடும். அந்த நடையும் நன்கொடைதான். நோட்டில் எழுத இயலாத நன்கொடை.

ஒன்று ஊக்கமளிக்கிறது. 2024இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில், குடிசையில் வாழும் ஊரகக் குடும்பத்திற்கு 360 சதுர அடி வீடு கட்ட 3.50 இலட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. ஆனால் சொந்த மனையும் பட்டாவும் உடையவர்க்கே அது எட்டும். மனை இல்லாதவர்க்குச் சுவரும் இல்லை. ஆகவே ஊர் திரட்ட வேண்டிய பணம், பலரும் அஞ்சுவதுபோல ஒரு முழு வீட்டின் விலையன்று. இரண்டு செண்ட் மனையின் விலையும் பதிவுச் செலவுமே. தமிழில் மனை என்னும் சொல் நிலத்தையும் குறிக்கும், அதன்மேல் எழும் இல்லத்தையும் குறிக்கும். முதற்பொருளை ஊர் தந்தால் இரண்டாம் பொருளை அரசின் திட்டத்தில் கேட்க அக்குடும்பத்திற்கு வழி திறக்கும். அங்கே அவர் கேட்பது உரிமையாகக் கேட்பது.

இதற்கு முதல் வேலை பணம் திரட்டுதல் அன்று. மூங்கில்துறைப்பட்டிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கடந்த முப்பது ஆண்டுகளில் மாவட்ட, மாநில அளவில் ஓடியவர், தாண்டியவர், கபடி ஆடியவர் எவரெவர், இன்று அவர்கள் எவ்வீட்டில் இருக்கின்றனர், அது சொந்தமா வாடகையா, பட்டா உண்டா இல்லையா என்று ஒரு பட்டியல் எழுதுதல். உடற்கல்வி ஆசிரியர்களிடம் பழைய சான்றிதழ்ப் பதிவேடுகள் இருக்கும். அவர்களுள் ஓய்வு பெற்றோர் நினைவில் அதைவிட மிகுதியாக இருக்கும். வட்டத்தின் உறுப்பினர் இருவர் ஒரு மிதிவண்டிப் பயணத்தில் தொடங்கக்கூடிய வேலை இது. நோட்டின் முதற்பக்கத்தில் மொய்க் கணக்கு வேண்டா, அப்பெயர்கள் இருக்கட்டும்.